அனாமத்துக் கணக்கில் கிடக்கும் தவறுகள்

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு அனாமத்துக் கணக்கைத் தெரியாமல் இருக்காது. இருப்பாய்வில் பற்றும் வரவும் ஒத்துவரவில்லையா? வித்தியாசத்தைத் தூக்கி அனாமத்தில் போடு. கூட்டல் சரியாகிவிடும், தவறு மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். பிறகு தேடிக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் யார் தேடுகிறார்கள்?

நம் அலுவலகங்களில் ரிவ்யூ மீட்டிங், ரெட்ரோ, அனுபவப் பகிர்வு என்று விதவிதமான பெயரில் நடக்கும் கூட்டங்களும் இந்த ரகம்தான். ஒரு வேலை முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து, எது சரியாகப் போனது, எது சொதப்பியது என்று பேசிக் கற்றுக்கொள்ள வேண்டும். நல்ல யோசனை. நடப்பது என்ன? மேலாளர் முதலில் அரை மணி நேரம் பேசுவார். அப்புறம் "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்பார். எல்லோரும் மேஜையைப் பார்ப்பார்கள். டீ, பிஸ்கட், நன்றி, வணக்கம்!

போன வருஷம் ஓர் அலுவலகத்தில் இரண்டு மாதம் பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கே ஓர் அண்ணன் மட்டும் வாயைத் திறந்தார். பில்களைச் சரிபார்க்க ஒரு நாள்கூடக் கொடுப்பதில்லை, அதனால்தான் தப்பு வருகிறது என்றார். எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார்கள். அந்த வருஷ அப்ரைசலில் "எதிர்மறை மனப்பான்மை" என்று எழுதினார்கள். அதற்கு அடுத்த கூட்டத்தில் அவரும் மேஜையைத்தான் பார்த்தார். என் கோபமெல்லாம் இதுதான். உண்மையைச் சொல் என்று கேட்டுவிட்டு, சொன்னவன் சம்பள உயர்வில் கை வைப்பது அயோக்கியத்தனம் இல்லையா?

"தண்டனை பயம் இல்லாவிட்டால் பொறுப்பே இருக்காது" என்று ஒரு வாதம் உண்டு. சரி, பார்ப்போம். அமெரிக்காவில் 1976-ல் விமானப் பாதுகாப்புக்காக ஒரு ரகசியத் தகவல் முறை தொடங்கினார்கள். விமானி தன் தவறைத் தானே எழுதி அனுப்பலாம். அதை வாங்குவது தண்டிக்கும் அதிகாரமுள்ள விமானத்துறை அல்ல, நாசா. பெயரை நீக்கிவிட்டுத்தான் பாடத்தை மற்றவர்களுக்குச் சொல்வார்கள். வேண்டுமென்றே செய்ததற்கும் குற்றத்துக்கும் இதில் பாதுகாப்பு கிடையாது. ஆக, பொறுப்பும் இருக்கிறது, உண்மையும் வருகிறது.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஹார்வர்ட் பேராசிரியை 1990-களில் மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன! அங்கே தவறை மறைக்காமல் பேசினார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். உங்கள் கூட்டத்தில் ஒரு தவறும் வெளியே வரவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். அனாமத்துக் கணக்கு நிரம்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பேசினால் மட்டும் போதுமா? அதுவும் போதாது. 1986-ல் சேலஞ்சர் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். விசாரணை நடந்தது, பாடங்கள் எழுதப்பட்டன. 2003-ல் கொலம்பியா விண்கலத்தில் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். விசாரணைக் குழு என்ன சொன்னது? பழைய நிர்வாகக் கோளாறுகள் அப்படியே இருந்தன என்றது. பொறியாளர்கள் முன்பே கவலை தெரிவித்தார்கள், மேலிடம் காதில் வாங்கவில்லை. இரண்டு முறையும் இதே கதை. நாசாவுக்கே இந்த கதி என்றால், மினிட்ஸ் எழுதி ஃபைலில் போடும் நம் அலுவலகங்கள் எம்மாத்திரம்?

நம்மிடமும் நல்ல உதாரணம் உண்டு. 1979 ஆகஸ்ட் 10-ல் எஸ்.எல்.வி-3 கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஆனால் பத்திரிகையாளர்கள் முன் போய் நின்று பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். குழு நிம்மதியாகக் கோளாறைத் தேடியது. 1980 ஜூலை 18-ல் ராக்கெட் வெற்றி. அன்று பத்திரிகையாளர்களைச் சந்திக்கக் கலாமைப் போகச் சொன்னார் தவான். தலைவன் என்றால் இப்படி இருக்க வேண்டும். தோல்வியைத் தன் பற்றில் எழுதி, வெற்றியைக் குழுவின் வரவில் வைத்தார்.

மேலாளர்களே, மூன்றே மூன்று செய்யுங்கள். கூட்டத்தில் கடைசியாகப் பேசுங்கள். அங்கே சொன்னது எதுவும் அப்ரைசல் பக்கம் போகாது என்று எழுத்தில் கொடுங்கள். முடிவான ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓர் ஆளும் தேதியும் குறித்து, அடுத்த கூட்டத்தை அந்தப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்.

முடியாது என்றால் கூட்டத்தை ரத்து செய்துவிடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பில்களையாவது சரிபார்க்கலாம்.