நாக்கில் குறையில்லை

வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க நேர்காணலுக்குப் போகும் மதுரைப் பிள்ளைகளிடம், வெள்ளைக்காரன்போல் பேசப் பழக்குகிறோம் என்று காசு பறிக்கிறார்கள். வீண் செலவு ஐயா!

தென்கொரியத் தனியார் பயிற்சிக் கூடங்களில் ஆங்கிலம் கற்பிக்க இ-2 விசா, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என 7 நாட்டவருக்குத்தான். அங்கே பார்ப்பது பாஸ்போர்ட்டை; நாக்கை எப்படிச் சுழற்றினாலும் கதவு திறக்காது. மாலத்தீவுப் பள்ளிகளிலோ நம்மவர்கள் நம் உச்சரிப்போடுதான் பல்லாண்டாகக் கற்பிக்கிறார்கள்.

காரைக்காலில் எனக்குப் பிரெஞ்சு சொல்லித்தந்தவர் பிரான்ஸைப் பார்க்காத தமிழர். எழுபது தாண்டியும் அந்தப் பாடம் மறக்கவில்லை. தானும் தடுமாறிக் கற்றவருக்குத்தான் மாணவன் தடுமாறும் இடம் தெரியும்.

பிள்ளைகளே, பட்டம், பி.எட். சான்று, பத்து நிமிட மாதிரிப் பாடம் இவற்றைத் தயார் செய்யுங்கள். பேச்சில் மதுரை வாடை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்!