விகர்ணன் எப்போது பேசுவான்?

நாலு பேர் கூடி நாடகம் போடலாம் என்று தொடங்கினால், மூன்றாம் நாள் இரண்டு கட்சி உண்டாகிவிடுகிறது. ஐந்தாம் நாள் யாருக்குத் தொண்டை பெரிதோ அவர் குரல் மட்டும் கேட்கிறது. மற்றவர்கள் வேடம் போட்ட பார்வையாளர்களாகி நிற்கிறார்கள். இந்த நோய்க்கு மருந்து என்ன? "அடாவடிக்காரனை வெளியே தள்ளு" என்பது பலரும் எழுதித் தரும் சீட்டு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். இன்று அந்த எண்ணம் எனக்கு இல்லை. ஏன் இல்லை என்று சொல்லவே இக்கட்டுரை.

சென்ற ஆண்டு முத்தமிழ் விழாவுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து சூதும் துகிலுரிதலும் உள்ள பகுதியைக் கூத்தாகக் கட்டினோம். எழுதி வைத்து மனப்பாடம் செய்யும் நாடகம் அல்ல அது. கதை உண்டு, சில பாட்டுகள் உண்டு. வசனம் பெரும்பாலும் அவரவர் வாயில் அந்தந்த நேரத்தில் பிறக்க வேண்டும். கூத்தின் அழகும் அதுதான், எங்களுக்கு வந்த வினையும் அதுதான். துரியோதனனாக ஒரு நண்பர், கர்ணனாக இன்னொரு நண்பர். இருவரும் நல்ல நடிகர்கள் என்பதில் ஐயமில்லை; அந்த ஐயம் அவர்களுக்கும் என்றும் வந்ததில்லை. துரியோதனன் தன் குலப் பெருமையைப் பத்து நிமிடம் பேசினால், கர்ணன் தன் கொடைப் பெருமையைப் பதினைந்து நிமிடம் பேசுவார். தருமன் பகடையைக் கையில் எடுப்பதற்குள் மாலை மங்கிவிடும். நான் கட்டியக்காரன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எனக்கு மூன்றாவது பக்கமும் ஒன்று இருந்தது: ஒத்திகை எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டே இருந்த பேராசிரியர்.

விகர்ணன் வேடத்தை முதலாமாண்டு மாணவர் ஒருவருக்குக் கொடுத்திருந்தோம். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் உள்ள சிற்றூர் அவருக்கு. விகர்ணன் யார் என்பதை நம்மில் பலர் மறந்திருக்கலாம். நூறு கௌரவர்களில் ஒருவன். திரௌபதியைச் சபைக்கு இழுத்து வந்தபோது பெரியவர்கள் எல்லாம் தலை குனிந்திருக்க, "இது முறையன்று" என்று எழுந்து சொன்ன தம்பி. கர்ணன் அவனை அதட்டி உட்கார வைக்கிறான். சில நிமிட வேடம்தான். ஆனால் அந்தச் சபையில் மனசாட்சி பேசுவது அப்போதுதான்.

அந்தச் சில நிமிடம் எங்கள் ஒத்திகையில் வரவே இல்லை. கச்சிராயபாளையம் வழியாக மலையேறும் மாலைப் பேருந்தை விட்டுவிட்டால் அந்த மாணவர் வீடு போய்ச் சேர முடியாது. ராஜாக்கள் இருவரும் முழங்கி ஓய்வதற்குள் அவர் பையை எடுத்துக்கொண்டு ஓடுவார். எட்டு நாள் ஒத்திகையில் விகர்ணன் ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் ஆளே வரவில்லை. மறுநாள் வகுப்பு வாசலில் பிடித்துக் கேட்டேன். "எனக்கு அங்க என்னண்ணா வேலை? நான் இல்லாமலே நல்லாத்தானே நடக்குது" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

செய்து பார்த்த வைத்தியங்களை நீட்டி முழக்க வேண்டியதில்லை. கடிகாரம் வைத்தோம், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடித்தார்கள், கூத்து வானொலிச் செய்தி போல ஆயிற்று. வாக்கெடுப்பு நடத்தினோம், கட்சி இரண்டு மூன்றாயிற்று. கடைசியில் துரியோதனனை இரண்டு நாள் விலக்கி வைத்து வேறொருவரை நிறுத்தினோம். அடாவடி போயிற்று, கூடவே ஆட்டமும் போயிற்று. அஞ்சுவதற்கு ஆளில்லாத சபையில் திரௌபதி யாரிடம் நீதி கேட்பாள்?

அந்த வாரத்தில்தான் சின்னசேலம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் திரௌபதியம்மன் திருவிழாக் கூத்துக்குப் போனேன். நம் வட்டாரத்தார்க்குக் கூத்து புதிதல்ல. ஆயினும் கூத்தைப் பார்த்த நாம் கட்டியக்காரனைப் பார்த்திருக்கிறோமா? கோமாளி என்று சிரித்துவிட்டுப் போகிறோம். அன்றிரவு நான் அவனை மட்டுமே பார்த்தேன். ராஜவேடம் திரைக்குப் பின்னிருந்து பாடி, புஜக்கட்டையும் கிரீடமும் மின்ன வெளியே வந்து, சுழன்று, பெஞ்சின் மீது ஏறி நின்று பேசிக்கொண்டே போகிறது. முடிவதாய் இல்லை. கட்டியக்காரன் குறுக்கே நின்று "நிறுத்து" என்று சொல்லவில்லை. "மகாராஜா, இவ்வளவு நாட்டையும் ஆளுறீங்களே, எங்க தெருவுக்கு மட்டும் ஏன் தண்ணி வரல?" என்றான். கூட்டம் சிரித்தது. ராஜாவும் ராஜாவாகவே அவனை அதட்டினார். அந்த அதட்டலோடு மிருதங்கக்காரர் ஒரு முத்தாய்ப்பு வைத்தார். முகவீணை அடுத்த பாட்டை எடுத்துவிட்டது. ஒருவர் முகமும் வாடவில்லை. அடுத்த வேடம் திரைக்குப் பின்னால் வந்து நின்றது.

விடிந்த பிறகு, முகத்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த வாத்தியாரிடம் என் கதையைச் சொன்னேன். அவர் சொன்னது இது: "தம்பி, ராஜவேசக்காரன் கத்தத்தான் செய்வான். கத்தலன்னா அவன் ராஜா இல்ல. எங்க நிறுத்தணும்னு அவனுக்குத் தெரியாது. அது பெஞ்சுக்கும் கட்டியக்காரனுக்கும் தெரிஞ்சா போதும். ஆட்டத்துல வாய மூடுன்னு சொன்னா அவனும் கெட்டான், ஆட்டமும் கெட்டுது. தூதன் வந்திருக்கான்னு சொல்லு, தானா நிப்பான். வேசத்துக்கு வெளிய சண்டைன்னா அது வேற. அத வேசத்துல தீக்க முடியாது. பந்தல விட்டு வெளிய கூட்டிக்கினு போயி டீ வாங்கிக் குடு."

என் கருத்து முழுவதும் இந்தப் பேச்சிலிருந்து கிளைத்ததுதான். ஆட்டத்துக்குள் பிறந்த தொல்லையை ஆட்டத்துக்குள்ளேயே தீர்க்க வேண்டும். வெளியில் பிறந்ததை வெளியில் தீர்க்க வேண்டும். நாங்கள் இரண்டையும் மாற்றிச் செய்துகொண்டிருந்தோம். துரியோதனனின் நீண்ட பேச்சுக்கு மேடைக்கு வெளியே கூட்டம் போட்டோம். அவர்கள் இருவருக்கும் உண்மையில் இருந்த பகை அழைப்பிதழில் யார் பெயர் முதலில் வருவது என்பது. அதையோ ஒத்திகையில் வாள் சண்டையாக விட்டுவிட்டோம்.

அமெரிக்காவில் 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற விளையாட்டை விடுதி நண்பர் ஒருவர் எனக்குக் காட்டினார். மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்து ஆளுக்கொரு வேடம் ஏற்பார்கள். ஒருவர் கதையை நடத்துவார். இருபது முகம் கொண்ட பகடை வெற்றி தோல்வியைச் சொல்லும். அரிதாரம் இல்லாத கூத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் ஒருவர் எல்லாருக்கும் சேர்த்துத் தாமே பேசிவிடுவதும், இருவர் முட்டிக்கொள்வதும், கதை நடத்துபவர் விழி பிதுங்குவதும் உண்டாம். பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்தோ போவால் நடத்திய மன்ற நாடகத்திலோ, பார்ப்பவர் எழுந்து "நிறுத்து" என்று சொல்லித் தாமே அந்த வேடத்தை ஏற்றுக் கதையை வேறு வழியில் கொண்டுபோகலாம். அதை நடுவில் நின்று நடத்துபவருக்கு அவர் வைத்த பெயர் 'ஜோக்கர்'. நம் கட்டியக்காரனுக்குக் கடல் கடந்தும் உறவினர் இருக்கிறார்கள்! புரிசைக் கூத்தைக் கண்டு வியந்த ந. முத்துசாமி 1977-இல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். பட்டணம் கூத்தை நாடி வந்து கற்கிறது. கூத்துக்கு நடுவே பிறந்த நாமோ சபையை நடத்தும் கலையை மட்டும் கோட்டை விட்டோம்.

அடாவடியிலும் வகை உண்டு. தன் வேடத்தை நீட்டுகிறவர் ஒருவகை. அவருக்கு ஆட்டத்தின் மேல் காதல், அளவு தெரியாத காதல். அவரைப் பொறுக்கலாம், திருப்பலாம். அடுத்தவர் வேடத்தையும் தாமே ஆட்டுவிக்கிறவர் மற்றொரு வகை. "நீ இப்படி அழு, நீ அங்கே நில்" என்று அவர் ஒவ்வொருவரையும் பொம்மையாக்குவார். இவரிடம் கேலி பலிக்காது. தனியே அழைத்துத் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும், கேளாவிட்டால் விலக்கத்தான் வேண்டும். எங்கள் நண்பர்கள் இருவரும் முதல் வகை. இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன்: கட்டியக்காரன் என்ற பெயரில் நான் அடித்த சிரிப்புத் துணுக்குகளும் நாளொன்றுக்குக் கால் மணி நேரத்தைத் தின்றிருக்கின்றன. விகர்ணனின் நேரத்தைத் திருடியவர்கள் இருவர் அல்லர், மூவர்.

சிறிய வேடம்தானே என்பார்க்கு ஒரு சொல். பாரதத்தில் அரவானுக்குக் கிடைத்த இடம் சிறிது. நம் மாவட்டத்துக் கூவாகத்தில் சித்திரைத் திருவிழா முழுவதும் அவனுக்குத்தான்.

பிறகு நாங்கள் செய்தது அதிகமில்லை. ஒத்திகையின் வரிசையை மாற்றி விகர்ணன் வரும் கட்டத்தை முதலில் வைத்துக்கொண்டோம். மலைப் பேருந்துக்கு நேரம் இருந்தது. நான் நேரில் போய்க் கூப்பிட்ட பிறகே அவர் வந்தார், அதுவும் இரண்டு நாள் யோசித்து. ராஜாக்களைத் தேநீர்க் கடைக்கு அழைத்துப் போனேன். அழைப்பிதழில் மேடையில் தோன்றும் வரிசைப்படி பெயர் போடுவது என்று முடிவாயிற்று. கூத்தில் முதலில் தோன்றுபவன் கட்டியக்காரன். ஆகவே என் பெயர் முதலில் வந்தது. அதை இருவருமே மன்னிக்கவில்லை. ஆனால் சேர்ந்து மன்னிக்காமல் இருந்தார்கள், அது போதுமே!

விழா இரவில் துரியோதனன் வழக்கம்போல் நீட்டினார். நான் குறுக்கே புகுந்து, "மகாராஜா, உங்க தம்பி ஒருத்தர் ரொம்ப நேரமா கையத் தூக்கிக்கினு நிக்கிறாரு, கை வலிக்குமே!" என்றேன். அவர் மீசையைத் தடவி, "பேசட்டும்!" என்றார். அனுமதி கொடுப்பதிலும் அத்தனை மிடுக்கு. விகர்ணன் பேசினார். குரலை உயர்த்தவில்லை, மலைப் பக்கத்துப் பேச்சு வழக்கை மாற்றிக்கொள்ளவும் இல்லை. "எங்க வூட்டுப் பொண்ணா இருந்தா இப்படிப் பார்த்துக்கினு இருப்பமா?" என்று கேட்டபோது பின்வரிசைச் சீழ்க்கை நின்றது. கர்ணன் எழுந்து அவரை அதட்டினார். அத்தனை நாள் காற்றோடு சண்டை போட்ட கர்ணனுக்கு அன்றுதான் அதட்ட ஓர் ஆள் கிடைத்திருந்தது. அவர் நடித்ததில் அதுவே சிறந்த நடிப்பு என்று பேராசிரியரே சொன்னார்.

கூத்து முடிந்தபோது மலைப் பேருந்து போய் நெடுநேரம் ஆகியிருந்தது. விகர்ணன் விடுதியில் என் அறையில் தங்கினார். அரிதாரம் கலைக்கத் தேங்காயெண்ணெய் கேட்டுத் துரியோதனனும் கர்ணனும் அங்கேயே வந்துவிட்டார்கள். விடியும்வரை பேச்சு. துரியோதனன்தான் அதிகம் பேசினார்.