உடைந்த கேஸைத் தூக்கிப் போடாதீர்கள்

செயின் அறுந்தால் வண்டி நிற்கும், புதுச் செயின் மாட்டினால் கிளம்பிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வேகத்தில் போகும்போது அறுந்த செயின் எப்போதும் அப்படிச் சமர்த்தாகச் சாலையில் விழுந்துவிடாது. முன் ஸ்ப்ராக்கெட்டில் சுருண்டு மாட்டிக்கொண்டு, போக வழியில்லாமல், பக்கத்திலிருக்கும் எஞ்சின் கேஸை இடித்து உடைத்துவிடும். பழைய வண்டிகளில் கேஸ் உடைவதற்கு இது முக்கியமான காரணம்.

கோவையில் என் நண்பருடைய யமஹா ஆர்.எக்ஸ்.100-க்கு நடந்தது இதுதான். அவருடைய அப்பா வாங்கிய 1993 மாடல். இடதுபக்கக் கேஸில், ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால், மூன்று விரல் அகலத்துக்குச் சுவர் பெயர்ந்து, கியர் ஆயில் முழுவதும் தார்ச்சாலையில் கொட்டிவிட்டது. அந்தப் பதற்றத்திலும் நண்பர் ஒரு நல்ல காரியம் செய்தார். உடைந்த சில்லுகளைச் சாலையில் தேடிப் பொறுக்கி, கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்தார். சில்லு கையில் இருந்தால் வெல்டிங்காரருக்குப் பாதி வேலை மிச்சம். இல்லாவிட்டால் கண்டமான வேறொரு கேஸிலிருந்து அதே அளவுக்கு ஒரு துண்டை வெட்டி, ராவி, பொருத்த வேண்டியிருக்கும்.

"எதுக்குச் சிரமம், பழைய சாமான் கடையில வேற கேஸ் வாங்கிப் போட்டுருங்க" என்று அவருக்குச் சொன்னவர்கள்தான் அதிகம். நான் கூடாது என்றேன். இந்த 98 சிசி வண்டி இந்தியாவில் 1985-இல் வந்தது, 1996-இல் உற்பத்தி நின்றுபோனது. பழைய சாமான் கடையில் கிடைப்பது வேறொரு பழைய வண்டியின் கேஸ்தான். கேஸின் இரண்டு பாதிகளும் ஜோடியாகச் சேர்த்துக் கடைசல் பிடிக்கப்பட்டவை. ஒரு வண்டியின் இடதுபாதியை இன்னொரு வண்டியின் வலதுபாதியோடு சேர்த்தால் பேரிங் குழிகள் ஒரே நேர்கோட்டில் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆக, மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். எஞ்சின் எண் குத்தியிருப்பதோ அந்தக் கேஸில். அதை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றியாக வேண்டும். எஞ்சின் எண்ணை ராவித் தேய்த்த கேஸை யாராவது மலிவாகக் கொடுத்தால் தொடவே தொடாதீர்கள். அது எந்தத் திருட்டு வண்டியிலிருந்து வந்ததோ!

டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் இன்னொரு விஷயத்தையும் பார்க்க வேண்டும். விரிசல் கியர்பாக்ஸ் பக்கத்தோடு நின்றிருந்தால் ஆயில்தான் ஒழுகும். கிராங்க் அறைவரை ஓடியிருந்தால் கதை வேறு. பெட்ரோல் கலந்த காற்று சிலிண்டருக்குப் போகுமுன் அந்த அறைக்குள்தான் அமுக்கம் பெறுகிறது. மயிரிழை விரிசல் வழியே வெளிக்காற்று உள்ளே புகுந்தாலும் கலவையில் பெட்ரோல் குறைந்து, சூடேறி, பிஸ்டன் ஜாம் ஆகிவிடும். எம்-சீல் அப்பி ஆயில் ஒழுகலை நிறுத்தி வீடு வந்து சேரலாம். அதையே நிரந்தர வைத்தியமாக வைத்துக்கொள்வது தவறு.

ஆர்கான் வெல்டிங் பட்டறையில் கேஸைக் கொடுத்ததும் வெல்டிங்கார அண்ணன் முதலில் வெல்டிங் டார்ச்சைத் தொடவே இல்லை. எஞ்சினிலிருந்து ஏற்கெனவே எல்லாவற்றையும் கழற்றியிருந்தோம். பெட்ரோலில் கழுவிக் காயவைத்து, கேஸ் அடுப்புத் தீயில் மெல்லச் சூடாக்கினார். சுத்தமாகத் தெரிந்த அலுமினியத்தில் பழுப்பு நிறத்தில் எண்ணெய் கசிந்து வந்தது. துடைத்தார், திரும்பவும் சூடாக்கினார், திரும்பவும் கசிந்தது. "முப்பது வருசமா எண்ணெய் குடிச்ச உலோகம்ங்க. அவசரப்பட்டுப் பத்த வச்சா பொறுபொறுன்னு ஓட்டையாத்தான் வரும்" என்றார். விரிசலின் இரண்டு முனையிலும் சின்னத் துளை போட்டார். விரிசல் மேற்கொண்டு ஓடாமல் நிறுத்துவது அந்தத் துளைதான். பிறகு விரிசல் நெடுகிலும் V வடிவத்தில் காடி எடுத்து, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷால் தேய்த்தார். இரும்பைத் தேய்த்த பிரஷ் இதற்கு ஆகாது.

அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அதன்மேல் படியும் ஆக்சைடு தோலோ 2,000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். வெறும் தீயால் சூடாக்கினால் தோல் அப்படியே இருக்க, உள்ளே உலோகம் கரைந்து திடீரென்று பொத்தென விழும். சிவந்து முன்னெச்சரிக்கை தரும் பழக்கமும் அலுமினியத்துக்குக் கிடையாது. ஏ.சி. மின்சாரத்தில் டிக் வெல்டிங், அதாவது ஆர்கான் வெல்டிங், செய்வது இதற்காகத்தான். மின்சாரம் திசை மாறி மாறி ஓடும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பாதியில் அந்தத் தோல் உடைபடுகிறது. சுற்றிலும் பாயும் ஆர்கான் வாயு, புதுத் தோல் படிய விடுவதில்லை. முதல் ஓட்டத்தில் கரும்புள்ளிகள் எழுந்தன. அவர் முகம் சுளிக்காமல் அதைக் கிரைண்டரில் எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். சில்லுகள் ஒவ்வொன்றாக இடம்பிடித்தன.

கேஸ் வளையாமல் இருக்க, பழைய பேரிங்குகளை உள்ளே வைத்து இரண்டு பாதிகளையும் போல்ட் போட்டு முறுக்கித்தான் வெல்டிங் நடந்தது. ஒரே மூச்சில் இழுக்காமல், ஓர் அங்குலம் வைத்து, ஆறவிட்டு, அடுத்த அங்குலம். முடிந்ததும் மணலுக்குள் புதைத்துவிட்டு, மறுநாள் வரச் சொன்னார்.

பல வண்டிகள் கெடுவது இதற்குப் பிறகு, பேரிங் மாட்டும்போதுதான். பேரிங் குழி கொஞ்சம் லூசாகத் தெரிந்தால், சுற்றிலும் பஞ்ச் அடித்துப் புள்ளி வைத்து பேரிங்கை இறுக்கிவிடுகிறார்கள். சில மாதத்தில் புள்ளிகள் தேய்ந்து பேரிங் மறுபடியும் சுற்ற ஆரம்பிக்கும், குழி இன்னும் பெரிதாகும். லேத்தில் கொடுத்து, குழியைக் கடைந்து, புஷ் போடுவதே முறை. நண்பருடைய கேஸில் அது தேவைப்படவில்லை. சேரும் முகத்தை மட்டும் கண்ணாடிப் பலகைமேல் எமரி ஷீட் விரித்துத் தேய்த்துச் சமப்படுத்தினார்கள். கடைசியில் வெல்டிங்கின் வெளிப்பக்கம் சாக்பீஸ் பூசி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தார்கள். நுண்துளை இருந்தால் வெள்ளையில் ஈரக் கறை தெரிந்துவிடும். சாக்பீஸ் வெள்ளையாகவே இருந்தது.

இந்த வேலைக்குக் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. செலவான ஆர்கானுக்கும் கம்பிக்கும் மட்டும் கணக்குப் பார்ப்பவர்கள், எண்ணெய் வடிய வடியக் காத்திருந்த நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த நேரத்தைக் குறைக்கச் சொன்னால் அடுத்த மழைக்காலத்துக்குள் விரிசல் திரும்ப வந்துவிடும்.

செயின் அறுந்து இந்தத் தொல்லை வராமல் இருக்க, பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இந்த வாரம் ஒருமுறை குனிந்து, செயினின் இரு முனைகளையும் இணைக்கும் செயின் லாக்கைப் பாருங்கள். லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்தும், பிளந்த முனை பின்னாலும் இருக்க வேண்டும். மாறியிருந்தால் உடனே திருப்பிப் போடுங்கள். தேய்ந்திருந்தால் புது லாக் வாங்கிப் போடுங்கள்.