பொண்ணுக்கு ‘நாக்’ல வேலையாம்... அப்படின்னா?

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் இப்போதெல்லாம் காதில் விழும் பேச்சு இது.

“மதினி, ஒங்க மக மெட்ராஸ்ல என்ன வேலை பாக்குறா?”

“நாக்ல இருக்கா.”

“நாக்கா?”

“ஆமா... ராத்திரி ஷிப்டு. கம்ப்யூட்டரையே பாத்துக்கிட்டு இருக்கணுமாம்.”

அதற்கு மேல் அம்மாவுக்கும் தெரியாது. கேட்டவருக்கும் திருப்தி வராது. ‘விடிய விடிய கம்ப்யூட்டரைப் பாக்குறதுக்குச் சம்பளமா?’ என்ற சந்தேகம் அவர் முகத்தில் அப்படியே நிற்கும்.

பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து மாநிலத்தில் முதலிடம் பிடித்த மாவட்டம் விருதுநகர். வெடி ஆபீஸுக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் போய்க்கொண்டே, ‘இது நம்மளோட போகட்டும்’ என்று பிள்ளைகளைப் படிக்க வைத்த வீடுகள் இங்கே ஏராளம். 2012-ல் முதலிப்பட்டி, 2021-ல் அச்சங்குளம் என்று வெடி விபத்து நடந்த ஊர்களின் பெயரைச் சொன்னாலே போதும், அந்த வைராக்கியம் எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிடும். அப்படிப் படித்த பிள்ளைகளில் ஒரு பகுதியினர் போய்ச் சேரும் இடம்தான் இந்த ‘நாக்’. முழுப்பெயர் நெட்வொர்க் ஆபரேஷன்ஸ் சென்டர்.

அங்கே என்ன நடக்கிறது? ஒரு பன்னாட்டு கார் கம்பெனியை வைத்துக்கொள்வோம். தலைமை அலுவலகம் ஜெர்மனியில், தொழிற்சாலை ஒரகடத்தில், உதிரிபாக குடோன் சிங்கப்பூரில். மூன்று இடத்திலும் இருப்பவர்கள் ஒரே கணக்குப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் புத்தகம் இப்போது எந்த அலுவலக அலமாரியிலும் இல்லை, கிளவுட்டில் இருக்கிறது. கிளவுட் என்றதும் வானத்தைப் பார்க்க வேண்டாம். அது யாரோ ஒருவருடைய பெரிய கட்டடத்தில், குளுகுளு அறையில் வரிசையாக நிற்கும் கம்ப்யூட்டர்கள்தான். மைக்ரோசாஃப்ட் 2015-ல் சென்னையிலேயே அப்படி ஒரு மையம் திறந்தது. அமேசானுக்கு மும்பையிலும் ஐதராபாத்திலும் இருக்கிறது.

அலுவலகத்திலிருந்து அந்தக் கட்டடத்துக்கு எப்படிப் போவது? வீட்டு பிராட்பேண்ட் மாதிரி பொது இன்டர்நெட்டில் போகலாம். அது தீபாவளிக்கு முந்தின நாள் சிவகாசி பஜார் மாதிரி, எப்போது நெரியும் என்று சொல்ல முடியாது. அதனால் பெரிய கம்பெனிகள் தனி வழியை வாடகைக்கு எடுக்கின்றன. லீஸ்டு லைன், எம்.பி.எல்.எஸ் என்பதெல்லாம் அந்தத் தனி வழிகளின் பெயர்கள். பொது வழி, தனி வழி இரண்டையும் வைத்துக்கொண்டு, எந்த நேரத்தில் எது சும்மா இருக்கிறதோ அதில் வேலையைத் திருப்பிவிடும் ஏற்பாட்டுக்கு எஸ்.டி-வேன் என்று பெயர்.

இத்தனையையும் கார் கம்பெனி தானே பார்த்துக்கொள்வதில்லை. கார் செய்வதுதான் அதன் தொழில். லைன் போடுவது, ரௌட்டர் வைப்பது, 24 மணி நேரமும் கண்காணிப்பது எல்லாவற்றையும் மாதக் கட்டணத்துக்கு வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுகிறது. மேனேஜ்டு நெட்வொர்க் என்பது இதுதான். சென்னை தரமணி டைடல் பார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃபி, மதுரை இலந்தைக்குளம் வரை வளாகம் போட்டிருக்கும் எச்.சி.எல், பழைய வி.எஸ்.என்.எல் ஆன டாடா கம்யூனிகேஷன்ஸ் எல்லாம் இந்தத் தொழிலில் இருப்பவர்கள். வி.எஸ்.என்.எல் 2005-ல் டைகோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் உலகளாவிய கடலடி கேபிள் வலையை 13 கோடி டாலருக்கு வாங்கியது. கடலுக்கடியில் சுமார் 60,000 கிலோமீட்டர் கண்ணாடி இழை! கடலடி கேபிள் என்றால் ஏதோ தூரத்து விஷயம் என்று நினைக்கிறோம். 2002-லேயே சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 3,200 கிலோமீட்டருக்கு ‘ஐ2ஐ’ கேபிள் வந்துவிட்டது.

விருதுநகர் மாவட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. ராஜபாளையத்தில் நூற்பாலையோடு தொடங்கிய ராம்கோ குழுமத்தின் மென்பொருள் நிறுவனமான ராம்கோ சிஸ்டம்ஸ், பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்கு போடும் சாஃப்ட்வேரை கிளவுட் வழியாகத் தருகிறது. மாதக் கடைசியில் அந்த லைன் படுத்துவிட்டால், எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவரின் சம்பளம் தள்ளிப்போகும்.

இனி, கல்யாண வீட்டு மதினிக்குப் புரியும் இடத்துக்கு வருவோம். வெடி ஆபீஸில் ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. ரூமுக்கும் ரூமுக்கும் நடுவே இடைவெளி விட்டிருக்க வேண்டும். ஒன்று பற்றினால் பக்கத்து ரூம் பற்றக் கூடாது என்பதற்காகத்தான் இந்த விதி. அதை மீறி, இருக்கிற இடத்தில் ஆட்களை நெருக்கி உட்காரவைத்த இடங்களில் என்ன நடந்தது என்று இந்தப் பகுதிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நெட்வொர்க்கிலும் அதே விதிதான். ஒரு லைன் போனால் இன்னொன்று நிற்க வேண்டும். அதற்கு இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போக வேண்டும். இரண்டு கம்பெனிகளிடம் இரண்டு லைன் வாங்கி, இரண்டும் ஒரே பள்ளத்தில் புதைந்திருந்தால் ஜே.சி.பி-யின் ஒரு கொத்துக்கு இரண்டும் காலி. பில்லில் இரண்டு, மண்ணுக்குள் ஒன்று.

கடலிலும் இப்படி நடந்திருக்கிறது. 2008 ஜனவரி 30-ம் தேதி எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே இரண்டு கடலடி கேபிள்கள் பழுதாயின. வேறு வேறு கேபிள்கள்தான், ஆனால் ஐரோப்பாவுக்குப் போகும் அதே குறுகிய வழியில் கிடந்தவை. இந்தியாவின் இன்டர்நெட் தள்ளாடியது. கால் சென்டர்கள் திணறின. சென்னையிலிருந்து கிழக்கே, சிங்கப்பூர் பக்கம் போகும் வழியையும் கையில் வைத்திருந்தவர்கள்தான் ஓரளவு சமாளித்தார்கள். 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது, மத்தியக் கிழக்கு வழியாகப் போகும் தகவல்கள் தாமதமாகலாம் என்று மைக்ரோசாஃப்ட் தன் கிளவுட் வாடிக்கையாளர்களிடம் சொன்னது. மாற்று வழி இருந்ததால் அது தாமதத்தோடு போனது.

இரவு இரண்டு மணிக்கு நாக் அறையில் ஒரு திரையில் பச்சை சிவப்பாகிறது. சிவகாசிக்காரப் பெண்ணின் வேலை அங்கே தொடங்குகிறது. லைன் அறுந்ததா, ரௌட்டருக்குக் கரன்ட் இல்லையா, கிளவுட் பக்கம் கோளாறா? எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். மாற்று வழியில் போக்குவரத்து திரும்பிவிட்டதா என்று பார்க்க வேண்டும். அந்த ஊரில் இருக்கும் ஃபைபர் ஆட்களைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டும். (யாரோ செல்போன் சார்ஜ் போட ரௌட்டர் பிளக்கைப் பிடுங்கிய கதைகளும் இந்தத் தொழிலில் உண்டு.) இதெல்லாம் நடக்கும்போது கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒப்பந்தத்தில் 99.9 சதவிகிதம் லைன் இருக்கும் என்று எழுதியிருந்தால், வருடம் முழுக்கச் சேர்த்து எட்டே முக்கால் மணி நேரம்தான் அறுந்திருக்கலாம். 99.99 என்றால் 53 நிமிடம். தாண்டினால் கட்டணத்தில் கழிவு கொடுக்க வேண்டியிருக்கும். மறுநாள், ஏன் அறுந்தது என்று எழுத்தில் விளக்கமும் தர வேண்டும். விடிய விடியத் திரையைப் பார்ப்பதற்கு இதற்காகத்தான் சம்பளம்.

பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. இரவு எட்டு மணிக்கு மேல் பெண்களுக்கு வேலை என்றால் அவர்களின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும், ஷிப்டில் வேலை பார்ப்பவர்களுக்கு வண்டி வசதி தர வேண்டும் என்பவை, 24 மணி நேரமும் இயங்கும் நிறுவனங்களுக்குத் தமிழக அரசு வைத்த நிபந்தனைகள். வேலைக்குச் சேரும்போதே இதைக் கேட்பதில் தப்பே இல்லை. இன்னொன்று கொஞ்சம் கசப்பானது. சிவப்பைப் பார்த்து டிக்கெட் போடும் முதல்கட்ட வேலையை இப்போது மென்பொருளே செய்யப் பழகிவருகிறது. அந்த நாற்காலியிலேயே நாலு வருஷம் உட்கார்ந்திருப்பது ஆபத்து. பகலில் தூக்கம் போக மிச்சமிருக்கும் நேரத்தில் கிளவுட், செக்யூரிட்டி என்று அடுத்த படிப்பைப் படித்தாக வேண்டும். ‘வேலைதான் கிடைச்சிருச்சே, இன்னும் என்ன படிப்பு?’ என்று வீட்டில் கேட்காமல் இருந்தாலே பெரிய உதவி.

ஊரில் இருக்கும் அச்சகங்களுக்கும் ஒரு வார்த்தை. காலண்டர், டைரி சீசனில் வெளியூர் ஃபைல்கள் வந்து குவியும் நேரத்தில் நெட் போனால் மெஷின் சும்மா நிற்கும். இரண்டு கனெக்‌ஷன் வைத்திருப்பவர்கள் ஒருநாள் வாசலுக்கு வந்து மேலே அண்ணாந்து பாருங்கள். இரண்டு ஒயரும் ஒரே போஸ்ட்டில் தொங்குகிறதா? அப்படியானால் நீங்கள் இரண்டுக்குப் பணம் கட்டி ஒன்றைத்தான் வைத்திருக்கிறீர்கள். ஒன்று ஃபைபர், இன்னொன்று செல்போன் டவர் வழி என்று மாற்றிக்கொள்ளலாம். அவசரத்துக்குப் போதும்.

தீபாவளிக்கு நாக் அறைக்கு லீவு கிடையாது. ஜெர்மனிக்காரருக்கு அது சாதாரண நாள். அன்றைய ஷிப்டை முடித்துவிட்டு, அதற்குப் பதிலாகக் கிடைக்கும் விடுமுறையோடு மறுவாரம் பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறாள் மகள். பண்டிகை முடிந்துவிட்டதால் அம்மாவுக்கும் வெடி ஆபீஸ் லீவு. பகல் பதினொரு மணி வரை அவள் தூங்கினாலும் யாரும் எழுப்புவதில்லை.