வீட்டு வேலைக்கு மணிக்கணக்கு உண்டா?

பாடசாலையில் மணி அடிக்கும். தொழிற்சாலையிற் சங்கு ஊதும். கந்தோரிற் கதவு சாத்தப்படும். அவ்வவ்விடத்து வேலை அவ்வளவில் முடிந்தது என்று கொள்ளலாம். (திருத்தவேண்டிய கொப்பிக் கட்டை வீட்டுக்குக் காவிச் செல்லும் ஆசிரியர்கள் இதனை ஒப்பமாட்டார்கள், அது வேறு வழக்கு.) ஆனாற் பிறர் வீட்டிலேயே உண்டு உறங்கி, அவ்வீட்டு முதியவரையோ குழந்தையையோ பராமரிக்கும் பெண்ணுக்கு வேலை எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது? குழந்தை கண்ணயர்ந்ததும் முடிந்துவிட்டதா? நள்ளிரவில் முதியவர் இருமும்போது மீண்டும் தொடங்குகிறதா? வீட்டுக்காரர் விருந்துக்குப் போய்த் திரும்பும்வரை விழித்திருந்தாளே, அது வேலையா, ஓய்வா?

வெளிநாட்டிற் பராமரிப்பு வேலை பற்றி விசாரிப்போர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே கேட்கின்றனர். சம்பளம் எவ்வளவு என்பது ஒன்று. அங்கேயே நிலையாக இருக்க அனுமதி கிடைக்குமா என்பது மற்றையது. எத்தனை மணித்தியாலம் வேலை என்று கேட்பவர் அரிதிலும் அரிது. கனடா நாட்டிலோ இந்த மூன்றாவது கேள்வியின் விடையிலேதான் இரண்டாவது கேள்வியின் விடை தங்கியிருந்தது. அந்த வரலாறு நம்மவர் பலருக்குத் தெரியாது. அதனை இவ்வாரம் சற்று விரித்துக் கூறலாம் என்று எண்ணுகிறேன்.

1992ஆம் ஆண்டில் கனடிய அரசாங்கம் ‘வீட்டோடு தங்கும் பராமரிப்பாளர் திட்டம்’ என ஒன்றைத் தொடக்கியது. பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்களே இத்திட்டத்தின்கீழ் மிகுதியாகச் சென்றனர். படித்தவர்கள், ஆசிரியத் தொழிலையும் தாதித் தொழிலையும் விட்டுச் சென்றவர்கள் அவர்களிற் பலர். திட்டத்தின் வாக்குறுதி எளிமையானது: தொழில்கொள்வோர் வீட்டில் தங்கி, முழுநேரமாக 24 மாதம் வேலை செய்யுங்கள், பின்னர் நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த 24 மாதத்தையும் நாட்டுக்குள் வந்த மூன்று ஆண்டுக்குள் முடித்தல்வேண்டும்.

மூன்று ஆண்டில் இரண்டு ஆண்டு வேலை. இதில் என்ன கடினம் என்று தோன்றும். கடினம் உண்டு. வேலை அனுமதிப்பத்திரத்திலே தொழில்கொள்வோரின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. வேறு வீட்டில் வேலை செய்தால் அது சட்டவிரோதம். பராமரிக்கப்பட்ட முதியவர் காலமாகிவிட்டாலோ, குழந்தை வளர்ந்து பள்ளிக்குப் போய்விட்டாலோ, வீட்டுக்காரருக்கே வேலை போய்விட்டாலோ, இவள் புது வீடு தேடவேண்டும். அந்தப் புது வீட்டுக்காரர் அரசாங்கத்தின் ஒப்புதலைப் பெறவேண்டும். அதன்பின் இவள் புது அனுமதிப்பத்திரம் பெறவேண்டும். கடிதங்கள் ஒரு கந்தோரிலிருந்து மற்றைக் கந்தோருக்குப் போய்வர மாதங்கள் கழியும். அம்மாதங்கள் இருபத்து நான்கிற் சேரா. மூன்று ஆண்டிலிருந்து கழிவது மட்டும் நிச்சயம். வேலையற்றிருந்த காலமும், நெடுநாள் நோயுற்றிருந்த காலமும், தாய்நாடு சென்று நீண்ட நாள் தங்கிய காலமும் அவ்வாறே.

இந்த இறுக்கத்தை 2010ஆம் ஆண்டில் அரசாங்கம் சற்றே தளர்த்தியது. மூன்று ஆண்டு நான்கு ஆண்டாயிற்று. மாதக் கணக்கோடு மணிக் கணக்கும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 24 மாதம் அல்லது 3,900 மணித்தியாலம், இரண்டில் ஒன்றைக் காட்டலாம். மணித்தியாலக் கணக்கை எடுப்போர் அதனைக் குறைந்தது 22 மாதத்திலேனும் செய்திருத்தல்வேண்டும். அதில் மேலதிக நேரமாக 390 மணித்தியாலத்துக்குமேற் சேர்த்தலாகாது.

கணக்குப் பாடம் என்று யாரும் அஞ்சவேண்டியதில்லை, சிறிய கணக்குத்தான். இரண்டு ஆண்டுக்கு 104 கிழமை. 3,900ஐ 104ஆல் வகுத்தால் முப்பத்தேழரை வரும். அதாவது கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு ஏழரை மணித்தியாலம். கந்தோர் உத்தியோகத்தர் ஒருவரின் கணக்கு இது! விடிகாலையிற் குழந்தைக்குப் பால் காய்ச்சுவது முதல் இரவிற் பாத்திரங்களை அடுக்கிவைப்பது வரை ஓயாதவளுக்கு, ஏழரை மணித்தியாலம் நண்பகலுக்குப் பின் சிறிது நேரத்திலேயே முடிந்துவிடும். அதன்பின் அவள் செய்வதெல்லாம் என்னாயிற்று? மேலதிக நேரம் என்று எழுதப்பட்டால் அதற்குச் சம்பளம் கூடுதலாக வரவேண்டும். வதிவுரிமைக் கணக்கிலோ பத்தில் ஒரு பங்குக்குமேல் ஏறாது. எழுதப்படாவிட்டாற் சம்பளமும் இல்லை, கணக்கும் இல்லை. கிழமைக்கு அறுபது மணித்தியாலம் உழைத்தவளும் 22 மாதத்துக்கு முன் அந்த வாசலைத் தாண்ட முடியாது.

வரம்பு வைத்தவர்களின் நோக்கத்தை நான் குறை கூறவில்லை. வரம்பு இல்லாவிடின், விரைவாக வதிவுரிமை பெறும் ஆசையில் இராப்பகலாக உழைத்து உடலைக் கெடுத்துக்கொள்வார்கள். உழைப்பிக்கும் வீட்டுக்காரரும் இருப்பார்கள். ஆனால் அவள் உண்மையில் உழைத்த நேரத்தை அளப்பவர் யார்? வீட்டுக்காரர் தரும் சம்பளச் சிட்டையே அளவுகோல். கையிற் காசைக் கொடுத்துச் சிட்டை எழுதாமல் விட்டவர்களால், அப்பெண்களின் மாதங்கள் நடந்தும் நடவாதவை ஆயின. தன்னை ஏமாற்றிய அந்த வீட்டுக்காரரிடமே போய், வேலை செய்தேன் என்று எழுதித் தாருங்கள் என்று கேட்கவேண்டிய நிலை அவளுக்கு.

தொழிற் சட்டம் அந்நாட்டில் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபடும். நம்மவர் மிகுதியாக வாழும் ஒன்ராறியோவிற் கிழமைக்கு 44 மணித்தியாலத்துக்கு மேற்பட்டது மேலதிக நேரம். அதற்கு ஒன்றரை மடங்குச் சம்பளம். வீட்டுப் பணியாளரும் இவ்விதிக்கு உட்பட்டவரே. தனியறைக்கும் உணவுக்குமாகச் சம்பளக் கணக்கிற் சேர்க்கத்தக்கது கிழமைக்கு 85.25 டொலருக்கு மேற்படலாகாது என்றும், அறை என்றால் அதில் தளவாடமும் படுக்கைத் துணியும் துவாயும் இருத்தல்வேண்டும் என்றும் அம்மாகாணம் விதித்தது. துவாயைக்கூடச் சட்டத்தில் எழுதவேண்டி வந்தது என்றால், எழுதாத காலத்தில் என்ன நடந்திருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். 2010 முதல் ஒன்ராறியோவில் நடைமுறைக்கு வந்த வேறொரு சட்டம், வேலைக்கு ஆள் சேர்ப்போர் பராமரிப்பாளரிடம் கட்டணம் அறவிடுவதையும், கடவுச்சீட்டைப் பிறர் பறித்து வைத்துக்கொள்வதையும் தடைசெய்தது.

1992க்கு முந்திய கதையும் ஒன்று உண்டு. 1955ஆம் ஆண்டில் ஜமெய்க்கா, பார்படோஸ் தீவுகளிலிருந்து வீட்டு வேலைக்கென நூறு பெண்களைக் கனடா முதன்முறையாக அழைத்தது. பதினெட்டு வயதுக்கும் முப்பத்தைந்து வயதுக்கும் இடைப்பட்டவராய், மணமாகாதவராய், பிள்ளையற்றவராய் இருத்தல்வேண்டும் என்பது நிபந்தனை. ஓராண்டு ஒரு வீட்டில் உழைத்தபின் விரும்பிய தொழிலுக்குப் போகலாம். வதிவுரிமை வரும்போதே கையில் இருந்தது. ஆனாற் பிள்ளையற்றவர் என்று சொல்லவேண்டி இருந்தமையால், பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டு, இல்லை என்று எழுதிக் கொடுத்து வந்த தாய்மாரும் இருந்தனர். 1977இல், தம் பிள்ளைகளைத் தம்மோடு அழைக்க விண்ணப்பித்த ஏழு ஜமெய்க்கப் பெண்கள், வரும்போது பொய் சொன்னார்கள் என்று கூறி நாடு கடத்தும்படி கட்டளையிடப்பட்டனர். பெரும் போராட்டத்தின் பின் 1979இல் அவர்கள் தங்க இடம் கிடைத்தது. உழைக்கத் தகுதி உண்டாயின் தங்கவும் தகுதி உண்டு என்பதே அக்காலத்தில் வீட்டுப் பணிப்பெண்களின் முழக்கம்.

தாயொருத்தி பெற்ற பிள்ளையை இல்லை என்று சொல்லவைக்கும் விதி நல்ல விதியாகாது. நம் நாட்டிலும் 2013இல், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் வீட்டுப் பணிக்கு வெளிநாடு செல்வதைத் தடுத்து ஒரு விதி வந்தது. 2022இல் அது தளர்த்தப்பட்டது. குழந்தையின் நலனை எண்ணி விதித்தார்கள் என்பது மெய். வீட்டில் அடுப்பெரியாத தாய் அவ்விதியை எப்படி வாசித்திருப்பாள் என்பதும் எண்ணத்தக்கதே.

வேலைக் கணக்கை ஒழுங்காக முடித்தும் வாசலில் நின்றவர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண் ஹுவானா தெஹாடா 2003இல் அல்பேர்ட்டா மாகாணத்துக்குச் சென்று பராமரிப்பு வேலை செய்தார். வேண்டிய காலத்தை முடித்து நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பித்தபோது இரண்டாவது முறையாக வைத்திய பரிசோதனை நடந்தது. குடலிற் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. நாட்டின் வைத்திய சேவைக்கு மிகுந்த பாரமாவார் என்று விண்ணப்பம் மறுக்கப்பட்டது. வந்த நாளிற் சுகதேகி. நோய் கண்டது அந்நாட்டு வீடுகளில் உழைத்த காலத்தில். அவருக்காகத் தொழிற்சங்கங்களும் பிலிப்பைன்ஸ் மக்களும் குரல் எழுப்பினர். 2008இல் வதிவுரிமை வழங்கப்பட்டது. 2009 மார்ச்சில் அவர் காலமானார். பராமரிப்பாளருக்கு இரண்டாவது வைத்திய பரிசோதனை வேண்டியதில்லை என்று 2010இல் விதி மாறியது. அம்மாற்றத்தை அவர் பெயராலேயே மக்கள் வழங்கினர்.

இத்திட்டம் 2014 நவம்பர் 30 உடன் புதியோருக்கு மூடப்பட்டது. வீட்டோடு தங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் அதனோடு ஒழிந்தது. என் அபிப்பிராயத்தில், இந்த அறுபது ஆண்டு வரலாற்றிலே நடந்த சிறந்த காரியம் அதுவே. மாலையில் தன் சொந்த அறைக்குத் திரும்பும் பெண்ணுக்கு மணி அடித்துவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே மாற்றத்தில், வேலைக்காலம் முடித்தவர் எல்லோரும் விண்ணப்பிக்கலாம் என்ற பழைய வாக்குறுதிக்குப் பதிலாக, குழந்தைப் பராமரிப்புக்கு ஆண்டுக்கு 2,750, நோயாளர் முதியோர் பராமரிப்புக்கு 2,750 என்று எல்லை வந்தது. ஒரு கையாற் கொடுத்ததை மறு கையால் வாங்கியது போலாயிற்று. 2019இல் வந்த திட்டம் குடும்பத்தாரையும் உடன் அழைத்துவர இடமளித்தது; அனுமதிப்பத்திரத்தையும் ஒரே வீட்டோடு கட்டவில்லை. அதில் வேண்டியிருந்த 24 மாத அனுபவம் 2023இற் 12 மாதமாகக் குறைந்தது. அத்திட்டம் 2024 ஜூனில் முடிந்தது. 2025 மார்ச் 31இல் திறக்கப்பட்ட திட்டமோ ஆறு மாத அனுபவமோ உரிய பயிற்சியோ போதும் என்றது. இவை திறப்பதும் மூடுவதுமாக இருக்கும் வாசல்கள். இரண்டு ஆண்டுக்கு முன் போன அயல்வீட்டுப் பிள்ளையின் அனுபவத்தை நம்பி எவரும் பணம் கட்டலாகாது.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு, நள்ளிரவில் இருமலுக்குக் காது கொடுத்துப் படுத்திருப்பது வேலையா என்பதற்கு, நேரான விடை ஜேர்மனியிலிருந்து வந்தது. பல்கேரியப் பெண்ணொருவர், பேர்லின் நகரில் தொண்ணூறு வயதைத் தாண்டிய மூதாட்டி ஒருவரோடு தங்கிப் பராமரித்தார். ஒப்பந்தத்திற் கிழமைக்கு 30 மணித்தியாலம் என்று எழுதியிருந்தது. இரவிலும் கதவைத் திறந்துவைத்து அழைப்புக்குக் காத்திருந்தேன் என்று அவர் வழக்குத் தொடுத்தார். கீழ்நிலை நீதிமன்றம் நாளுக்கு 21 மணித்தியாலம் எனக் கணக்கிட்டது. 2021 ஜூன் 24ஆம் திகதி அந்நாட்டின் உயர் தொழில் நீதிமன்றம், அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கும் குறைந்தபட்சச் சம்பளம் உரியது எனத் தீர்ப்பளித்து, மணித்தியாலங்களைச் சரிவர மீண்டும் கணிக்குமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது. தீர்ப்பைக் கேட்ட ஜேர்மனியக் குடும்பங்கள் பல கலங்கின. இரவும் பகலும் ஒருவரை வீட்டில் வைத்திருக்க அத்தனை சம்பளம் கொடுக்க எம்மால் இயலாதே என்பது அவர்கள் முறையீடு. அதுவும் பொய்யன்று. முதியோரைப் பராமரிக்கும் செலவை யார் ஏற்பது என்ற பெரிய கேள்வியை அந்நாடு அதுவரை ஓர் ஏழைப் பெண்ணின் உறக்கத்தைக் கொண்டு சமாளித்து வந்தது.

வீட்டுப் பணியாளருக்காகச் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2011இல் நிறைவேற்றிய 189ஆம் இலக்கச் சமவாயம், கிழமைக்கு ஒருமுறை தொடர்ச்சியாக 24 மணித்தியால ஓய்வு வேண்டும் என்கிறது. காத்திருக்கும் நேரத்தை எந்த அளவுக்கு வேலையாகக் கொள்வது என்பதை அவ்வந்நாட்டுச் சட்டத்துக்கு விட்டுவிடுகிறது. ஆதலாற் போகும் நாட்டின் சட்டத்தை அறியாமற் போதல் தகாது.

இனி, பிள்ளைகளையோ சகோதரிகளையோ இவ்வேலைக்கு அனுப்ப எண்ணுவோருக்குச் சில வார்த்தை. கடவுச்சீட்டு எக்காலமும் அவர்கள் கையிலேயே இருத்தல்வேண்டும். சம்பளம் வங்கி வழியே வருதல் நல்லது. சிட்டை ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துக. ஒரு சிறு கொப்பியை வாங்கி, எழுந்த நேரம், வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இரவில் அழைக்கப்பட்ட நேரம் ஆகியவற்றை அன்றன்றே திகதியிட்டு எழுதச் சொல்லுங்கள். தமிழில் எழுதினாலும் பாதகமில்லை. ஒப்பந்தம் கைக்கு வந்ததும் சம்பளத் தொகையைப் பார்க்குமுன், இரவைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றும் எழுதப்படவில்லையாயின், கையொப்பமிடுமுன் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.