‘ஆட்டோமேட்டிக்’ என்று ஒரு வண்டி கிடையாது

பதிவு நீளம்தான். கார் வாங்கும் எண்ணம் இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம். இருப்பவர்கள் முழுக்கப் படியுங்கள். முதலில் ஒரு மன்னிப்பு கேட்க வேண்டியிருக்கிறது.

2022-ல் இதே பக்கத்தில் ‘கிளட்ச் மிதித்துக் கால் வலிக்கிறதா? ஏ.எம்.டி. எடுங்கள், விலை குறைவு, மைலேஜும் குறையாது’ என்று எழுதினேன். அதை நம்பி மூன்று பேர் வண்டி எடுத்தார்கள். இரண்டு பேர் ஊருக்குள் ஓட்டுகிறார்கள், குறை சொல்லவில்லை. மூன்றாவது ஆள் என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் படித்தவன், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை. பெயர் வேண்டாம், அவனுக்குத் தெரியும்.

போன மாதம் மனைவியையும் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு ஜி.என்.டி. ரோட்டில் வந்திருக்கிறான். மேம்பாலத்து ஏற்றத்தில் நெரிசல். நகர்வதும் நிற்பதுமாக இருபது நிமிடம். ஒவ்வொரு முறையும் பிரேக்கை விட்டு, வண்டி பின்னால் போகாமல் இருக்க ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துப் பிடித்திருக்கிறான். தீய்ந்த வாடை, டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு. அடுத்த நொடி கிளட்ச் தானே விட்டுவிட்டது. பின்னால் இரும்புக் கம்பி ஏற்றிய லாரி. அந்த டிரைவர் அனுபவஸ்தர், இடைவெளி விட்டு நின்றிருந்தார். அதனால் பம்பரோடு போயிற்று. சர்வீஸ் சென்டரில் ‘நீங்கள் ஓட்டின விதம் தப்பு, கிளட்சுக்கு வாரண்டி கிடையாது’ என்று பில் நீட்டினார்களாம். முப்பதாயிரத்துக்கு மேல்.

அவன் என்னிடம் கோபப்படவில்லை. “நீங்க சொன்னீங்கன்னுதான் சார் எடுத்தேன்” என்றான், அவ்வளவுதான். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவன் ஓட்டின விதம் தப்புதான். ஆனால் அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? ஷோரூமில் ‘ஆட்டோமேட்டிக் சார், ரெண்டு பெடல்தான், மிதிச்சா போகும்’ என்றார்கள். நானும் அதையேதான் எழுதியிருந்தேன். என் சண்டை இந்த ஒற்றைச் சொல்லோடுதான். ‘ஆட்டோமேட்டிக்’ என்ற ஒரே பெயரில் நான்கு வேறு வேறு இயந்திரங்களை விற்கிறார்கள். வாங்குகிறவன் ஏழு வருடம் தவணை கட்டப்போகிறான். எந்த இயந்திரத்துக்குக் கட்டுகிறோம் என்பதுகூட அவனுக்குத் தெரிவதில்லை.

வகுப்பில் இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வைத்துக் காட்டியது சிலருக்கு நினைவிருக்கும். ஒன்றை மட்டும் ஓடவிட்டால் அந்தக் காற்றில் மற்றொன்றும் சுழலும். காற்றுக்குப் பதில் எண்ணெய், நடுவில் திசை திருப்ப இன்னொரு சக்கரம் வைத்தால் அதுதான் டார்க் கன்வெர்ட்டர். ஜெர்மனியில் ஃபோட்டிங்கர் என்ற பொறியாளர் கப்பலுக்காக 1905-ல் காப்புரிமை வாங்கியது. இஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே உராய்ந்து தேயும் கிளட்ச் தட்டு இல்லை, எண்ணெய்தான். ஏற்றத்தில் நின்று நின்று போனாலும் தாங்கும். பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும்.

இரண்டாவது சி.வி.டி. இரண்டு கப்பி, ஒரு பெல்ட். கப்பியின் அகலம் மாற மாற வேக விகிதமும் மாறும். பல் சக்கர கியரே கிடையாது. காரில் இரும்புப் பட்டை, ஸ்கூட்டரில் ரப்பர் பெல்ட். டச்சுக்காரர்களின் டாஃப் கம்பெனி 1958-லேயே காரில் போட்டுவிட்டது. 1984-ல் வந்த கைனடிக் ஹோண்டாவில் நமக்கும் அறிமுகம். வேகமாக மிதித்தால் இஞ்சின் கத்தும், வண்டி மெதுவாகத்தான் பின்தொடரும். நிதானமாக ஓட்டுகிறவர்களுக்கு வெண்ணெய்.

மூன்றாவது இரட்டைக் கிளட்ச், டி.சி.டி. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. அடுத்த கியர் தயாராகக் காத்திருக்கும், மாறுவதே தெரியாது. ஓட்டினால் சொக்கிப் போவீர்கள். ஆனால் எண்ணெயில் நனையாத ‘டிரை’ வகை என்றால் நம் ஊர் நெரிசலில் சூடாகும். இது என் கற்பனை இல்லை. ஃபோர்டு கம்பெனியின் இந்த வகை கியர்பாக்ஸ் பற்றிப் புகார்கள் குவிந்தன. அந்தப் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018-ல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஒரு கோடி டாலர் அபராதம் போட்டது. மறைமலைநகரில் செய்த ஈக்கோஸ்போர்ட் 2013-ல் டி.சி.டி.யோடு வந்தது. 2017-ல் டார்க் கன்வெர்ட்டருக்கு மாற்றிவிட்டார்கள்.

நான்காவதுதான் ஏ.எம்.டி. மேனுவல் வண்டியில் இருக்கும் அதே கியர்பாக்ஸ், அதே ஒற்றைக் கிளட்ச் தட்டு. உங்கள் இடது காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு கருவி அதை அழுத்துகிறது, நகர்த்துகிறது. 2014-ல் மாருதி செலிரியோவில் இங்கே வந்தது. அம்பாசிடர் தயாரிப்பு நின்றதும் அதே வருடம்தான். (ஸ்டியரிங்குக்குக் கீழே கியர் போட்ட தலைமுறை நான். கியரைப் பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு!)

ஆக, ஏ.எம்.டி. என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு டிரைவர் கிளட்ச் மிதிக்கும் மேனுவல் வண்டி. மேனுவலில் ஏற்றத்தில் பாதிக் கிளட்சில் நின்றால் தட்டு தீயும் என்று டிரைவிங் ஸ்கூலிலேயே சொல்கிறார்கள். இதிலும் அப்படியே தீயும். ஆனால் கிளட்ச் பெடலே இல்லாததால் தீய்ப்பது நாம்தான் என்று தெரியாது. என் குற்றச்சாட்டு இதுதான். மேனுவல் வண்டிக்குரிய எச்சரிக்கை அத்தனையும் தேவைப்படும் ஒன்றை, எச்சரிக்கையே தேவையில்லை என்று சொல்லி விற்கிறார்கள்.

இன்னொன்று. கியர் மாறும் அந்த நேரம் இஞ்சின் இழுவை அறுந்துவிடும். தலை முன்னால் ஆடி அடங்கும். ஊருக்குள் அது வெறும் சங்கடம். ஊத்துக்கோட்டை ரோட்டில் லாரியை முந்தும்போது, எதிரே பஸ் வரும்போது, அந்த ஒரு நொடி சங்கடம் இல்லை.

‘ஹில் ஹோல்டு இருக்கே சார்’ என்பீர்கள். அது இரண்டு மூன்று நொடிதான் பிடிக்கும். இருபது நிமிட நெரிசலுக்கு கை பிரேக்தான் கதி.

இப்போது எதிர்க்கட்சிக்கு வருகிறேன். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டதும் என் மச்சான் ஒரே வரியில் பதில் எழுதினார்: “ஆட்டோமேட்டிக்கே லேடீஸ் வண்டி, ஆம்பளைக்கு எதுக்கு?” கீழே பதினோரு சிரிப்புப் பொம்மை.

மச்சான், நீங்கள் தினமும் காக்களூர் எஸ்டேட்டுக்குப் போகிற ஆக்டிவாவில் கிளட்ச் எங்கே இருக்கிறது? அதுவும் சி.வி.டி.தான். மேல்நல்லாத்தூரில் கேட்டர்பில்லர் தொழிற்சாலை இருக்கிறதே, அந்தக் கம்பெனியின் 777 சுரங்க டம்பர் 90 டன் சுமக்கும். அதிலும் டார்க் கன்வெர்ட்டர்தான், கியர் தானாகத்தான் மாறும். அது லேடீஸ் வண்டியா? சிங்கப்பூரில் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும் 3ஏ என்று தனி லைசென்ஸே தருகிறார்கள். அங்கே இருக்கிற உங்கள் தம்பி மகனைக் கேளுங்கள், எடுத்ததில் ஆண்கள் இல்லையா என்று.

அப்படியே லேடீஸ் வண்டியாக இருந்தால்தான் என்ன? என் மனைவிக்கு 59 வயது. ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று முப்பது வருட ஆசை. நம் ஊர் டிரைவிங் ஸ்கூலில் இருப்பதெல்லாம் மேனுவல். ஒரு அமாவாசையன்று வீரராகவர் கோயில் கூட்டத்தில், தேரடி பக்கம் வண்டி நான்கு முறை அணைந்துவிட்டது. சுற்றி ஹாரன். யாரோ ‘பொம்பளை ஓட்டுது’ என்று கத்தினார்கள். அன்றோடு சாவியைத் தொடவில்லை. சிரிப்புப் பொம்மை போட்ட பதினோரு பேரும் கொஞ்சம் யோசியுங்கள்.

என் கருத்து இதுதான், ஒத்துக்கொள்ளாதவர்கள் கமெண்டில் வாருங்கள். தினமும் நெரிசலில் போகிறவர், முழங்கால் வலி உள்ளவர், வயதானவர்: டார்க் கன்வெர்ட்டர் அல்லது சி.வி.டி. மேனுவலைவிட லட்சத்துக்கு மேல் கூடும். தாங்காது என்றால் ஒரு ரகம் சின்ன வண்டியாகப் பாருங்கள். நம் திருவள்ளூரிலேயே சிட்ரோயன் சி3 செய்கிறார்கள், 2022-ல் வந்தபோது மேனுவல் மட்டும்தான், 2024-ல் டார்க் கன்வெர்ட்டரும் வந்துவிட்டது. அதைத்தான் வாங்கு என்று சொல்லவில்லை, சின்ன வண்டியிலும் கிடைக்கிறது என்கிறேன். அதுவும் முடியாதா? மேனுவல் எடுங்கள், வெட்கமே வேண்டாம். ஐம்பதாயிரம் அளவு மிச்சம். தேய்ந்தால் எந்த ஊர் மெக்கானிக்கும் மாற்றித் தருவார். ஏ.எம்.டி. யாருக்கு? சமதரை, ஊருக்குள், வாரத்தில் இரண்டு மூன்று நாள், அதன் குணம் தெரிந்தவருக்கு. மின்சாரக் காரில் இந்தத் தலைவலியே இல்லை, ஆனால் அதற்கு வேறு தலைவலிகள், அது தனிப் பதிவு.

ஏற்கனவே ஏ.எம்.டி. எடுத்துவிட்ட பிள்ளைகளே, பயப்பட வேண்டாம். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிற்காதீர்கள். பிரேக் மிதித்து நில்லுங்கள், நீண்ட நேரம் என்றால் நியூட்ரல் போட்டு கை பிரேக். முன் வண்டி நன்றாக நகர்ந்த பிறகே எடுங்கள். முந்துமுன் மேனுவல் மோடுக்குத் தள்ளி, ஒரு கியர் இறக்கிக்கொண்டு மிதியுங்கள்.

நேற்று இன்னொரு மாணவன் வந்தான், அதே சிப்காட், மூன்று ஷிப்ட். புக்கிங் பாரத்தைக் காட்டினான். வண்டிப் பெயருக்குப் பக்கத்தில் ‘ஆட்டோ’ என்று மட்டும் எழுதியிருந்தது. “இது நாலுல எதுப்பா?” என்றேன். முழித்தான். ஷோரூமுக்குப் போன் போட்டால் அங்கேயும் ‘ஆட்டோமேட்டிக்தான் சார்’ என்கிறார்கள். ஞாயிறு காலை பத்து மணிக்கு நானும் கூடப் போகிறேன். ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துக் காட்டாமல் முன்பணம் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். என் மனைவியும் வருகிறார். ஓட்டிப் பார்க்க வேண்டுமாம்.