பொண்ணு தாங்கிக்குவாளா?

நாலு வருஷத்துக்கு முன் திருப்பத்தூரில் என் தம்பி மகளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. ஒரு பையன், ஒரு பெண். எட்டாம் மாதத்திலேயே வந்துவிட்டார்கள். பையனுக்கு மூச்சுத்திணறல்; கண்ணாடிப் பெட்டியில் பல நாள் கிடந்தான். பெண் சீக்கிரமே தாய் மடிக்கு வந்துவிட்டாள். "பொண்ணு கெட்டி, தாங்கிக்குவா" என்றார் சம்பந்தியம்மா. வீட்டுக்கு வந்ததும், பால் போதாத நாட்களில் தாய்ப்பால் பையனுக்கு, புட்டிப்பால் பெண்ணுக்கு என்றானது. நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அந்த உறுத்தலில்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

சம்பந்தியம்மா சொன்னதில் பாதி உண்மை. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் மூச்சுக் கோளாறும் மூளையில் ரத்தக்கசிவும் ஆண்களுக்கே அதிகம். பெண் சிசுவின் நுரையீரல் கொஞ்சம் முந்தி முதிர்கிறது.

மூளை செல்கள் பிழைத்து, கிளைவிட்டு இணையச் சில புரதங்கள் தேவை. வளர்ச்சிக் காரணிகள் என்பார்கள். நரம்புகளுக்கான அந்தக் காரணியைக் கண்டுபிடித்தவர் ரீட்டா லெவி மொண்டால்சினி என்ற இத்தாலியப் பெண்மணி. யூதர் என்பதால் முசோலினி காலத்தில் வேலை போனபோது, படுக்கையறையிலேயே கோழிக் கருக்களை வைத்து ஆராய்ந்தவர். 1986இல் நோபல் பரிசு பெற்றார்.

ஐ.ஜி.எஃப்-1 என்று இன்னொரு காரணி. தொப்புள்கொடி ரத்தத்தில் இது சராசரியாகப் பெண் குழந்தைகளுக்கே அதிகம். ஆனால் எடை அதிகம் ஆண் குழந்தைகளுக்கு! வேடிக்கைதான். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: சாப்பாடு குறைந்தால் இந்தக் காரணியின் அளவும் இறங்கிவிடும். இயற்கை அவளுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்ததை நாம் பால் புட்டியிலேயே பிடுங்கிக்கொள்கிறோம்.

நம்ம வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2010 முதல் 2012 வரை நகரின் குடிசைப் பகுதிகளில் பிறந்த 251 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். சின்ன வயதில் உடலில் இருந்த இரும்புச்சத்துக்கும் ஐந்து வயதில் அறிவுத்திறனுக்கும் தொடர்பு இருந்தது. பலவீனமான பையனைக் கூடுதலாகப் பார்த்துக்கொள்ளுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? அதைப் பெண்ணின் பங்கிலிருந்து எடுக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி.

இப்போதெல்லாம் ஆம்பூர் பக்கம் போனால் பேரீச்சம்பழம் வாங்கி வருகிறேன். முதலில் பேத்தி கையில்தான் கொடுப்பேன். சம்பந்தியம்மா முறைக்கிறார்.